தூரத்து லீவர்

கறார் கேப்டன் தேர்வு வைக்க வருகிறார் என்றால் விமானிகள் அன்றைக்குச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடுவார்கள். ஆளைப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரமாக இருக்க மாட்டார். ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை, அளந்து அளந்து பேசும் பேச்சு. ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தொடைமேல் ஒரு சின்ன நோட்டை விரித்துக்கொண்டு, நாம் மூச்சு விடுவதைக்கூடக் குறித்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் முப்பது மணி நேரம் ஓட்டிய அனுபவமும் மறந்துபோகும், மூவாயிரம் மணி நேரம் ஓட்டிய அனுபவமும் மறந்துபோகும். கம்பெனியின் விதிப் புத்தகத்தில் பாதியை எழுதியவர் அவர். மீதிப் பாதியில் பிழை திருத்தியவரும் அவர்தான் என்று காபி மிஷின் பக்கத்தில் நின்று மற்ற விமானிகள் சிரிப்பார்கள். அவர் காதில் விழாத தூரம் என்று நன்றாக உறுதி செய்துகொண்ட பிறகு.

போன வருஷம் அவரிடம் மாட்டி மூக்குடைபட்டவள் நம் துணை விமானி. வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷமாகக் காக்பிட்டின் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது இருக்கைக்கு, அதாவது கேப்டன் இருக்கைக்கு, ஆசைப்பட்டுக்கொண்டிருப்பவள். நிதானமானவள். நிதானம் என்பது நாம் சொல்வது, கறார் அப்படிச் சொல்லவில்லை. சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே இருக்கும் பயிற்சி விமானத்தில், அவளுக்கு ஒரு கஷ்டத்தைக் கொடுத்து, 'இரண்டு விமான நிலையம் இருக்கு, எதுக்குப் போவீங்க?' என்று கேட்டார். அவள் இரண்டையும் எடைபோட்டு, சரியானதைத்தான் சொன்னாள். நாற்பது விநாடி எடுத்துக்கொண்டாள், அதுதான் குற்றம். படிவத்தில் 'முடிவெடுப்பதில் தயக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இந்த இரண்டு வார்த்தையும் வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவள் கணவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயில் கருவியை நுழைத்துவிட்டுக் குசலம் விசாரித்தே பழகியவர், பதிலை எதிர்பார்ப்பதில்லை. கடையில் அவள் இரண்டு தக்காளியைக் கையில் வைத்து இது நல்லதா அது நல்லதா என்று பார்த்தால் போதும், "முடிவெடுப்பதில் தயக்கம்" என்று பின்னாலிருந்து குரல் வரும். பத்து வயது மகளும் சேர்ந்துகொண்டாள். எந்தச் செருப்பு, எந்தப் படம், எந்த வரிசையில் நிற்பது என்று எதற்கும் அதே பாட்டு. அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

இன்றைக்கு அவளுக்கு இரண்டாவது வாய்ப்பு. சிமுலேட்டர் இல்லை, பயணிகளோடு போகும் நிஜ விமானம். அவள் இடது இருக்கையில், கேப்டன் மாதிரி. கறார் வலது இருக்கையில், துணை விமானி மாதிரி. இதிலும் தேறாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மறுபடி கேட்கவே கூடாது என்பது விதி. ஐந்து வருஷம் கழித்து அவளுக்கு நாற்பத்தாறு, அதற்குள் கீழே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் தாண்டிப் போயிருப்பார்கள். அவ்வளவுதான், பிறகு வலது இருக்கையிலேயே தலை நரைக்க வேண்டியதுதான்.

கதவு சாத்தும் முன்பே கறார் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு நான் பொம்மை. நீங்க சொன்னா செய்வேன், சொல்லலைன்னா செய்ய மாட்டேன். நானா கையை நீட்டி விமானத்தை வாங்கினேன்னா, நீங்க தேறலைன்னு அர்த்தம். புரியுதா?"

"புரியுது சார்."

"பயமா இருக்கா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் நோட்டில் ஏறும் என்று தெரிந்ததால் அவள் வானிலை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேலே ஏறி ஒரு மணி நேரம் வரை ஒரு குறையும் இல்லை. மேகம்கூட அவளுக்குச் சாதகமாக ஒதுங்கிப்போன மாதிரி இருந்தது. விமானப் பணிப்பெண்களின் தலைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா இரண்டு காபி கொண்டுவந்து கொடுத்து, கறாருக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் கறார் நோட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். அது என்ன வரி என்று தலைகீழாகப் படிக்க அவள் ஓரக்கண்ணால் முயன்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய இரும்புக் கதவை யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு 'டமார்'. அடுத்த நொடி விமானம் முழுக்க நடுங்கியது. காபிக் கோப்பை அதன் குழியிலேயே தாளம் போட்டது. மூக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். விமானிகள் வருஷத்துக்கு இரண்டு முறை சிமுலேட்டரில் எஞ்சின் கெட்டு, எஞ்சின் தீப்பிடித்து, இன்னும் என்னென்னவோ ஆகி, எல்லாவற்றையும் சமாளித்துப் பழகியவர்கள். அங்கே பின்னால் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி ஆகாயத்தை நிறுத்திவிட்டு, 'சரி, டீ குடிச்சிட்டு வருவோம்' என்பார். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அவள் முதல் வேலையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பூட்டிய கதவும், கொக்கியில் ஆடும் இரண்டு கோட்டும்தான் இருந்தன. முகத்தைத் திருப்பினால், கறாரும் அதே பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகாயத்தை நிறுத்த ஆள் இல்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"நான் ஓட்டறேன்," என்றாள். இடது காலை அழுத்தி மூக்கை நேராக்கினாள். "என்ன காட்டுதுன்னு சொல்லுங்க."

கறார் திரையைப் படித்தார். "வலது எஞ்சின். அதிர்வு எல்லையைத் தாண்டிருச்சு. ஆயில் பிரஷர் இறங்கிட்டே இருக்கு. தீ இல்ல."

அவளும் பார்த்தாள். "ஆமா. வலது எஞ்சின். அட்டையை எடுங்க."

எஞ்சின் கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக அச்சடித்த அட்டை அது. மனப்பாடமாகத் தெரிந்தாலும் எடுத்து வாய்விட்டுப் படித்துத்தான் செய்ய வேண்டும். முதல் வரிப்படி வலது எஞ்சினின் வேகத்தை அவள் குறைத்தாள். நடுக்கம் பாதி அடங்கியது, மீதி அடங்குவதாக இல்லை. அடுத்த வரி எஞ்சினை அடியோடு நிறுத்துவது. இரண்டு இருக்கைக்கும் நடுவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன லீவர்கள் உண்டு. இடது லீவர் இடது எஞ்சினுக்கு எரிபொருள் கொடுக்கும், வலது லீவர் வலதுக்கு. மேலே தூக்கி இழுத்தால் எரிபொருள் நின்றுவிடும். இதில் கை வைப்பது ஓட்டாமல் பக்கத்தில் இருப்பவரின் வேலை. ஆனால் கை வைத்தவர் உடனே இழுத்துவிட முடியாது. எது என்று உரக்கச் சொல்லி, ஓட்டுபவர் பார்த்து 'உறுதி' என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தை எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கறார் இடது கையை நீட்டினார். "வலது எரிபொருள் லீவர்."

"உறு..." என்று அவள் ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனையோ நூறு தடவை சொன்ன வார்த்தை. சிமுலேட்டரில் எதிராளி எப்போதும் சரியான லீவரைத்தான் பிடித்திருப்பார், அதனால் நாக்கு கண்ணுக்குக் காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டது. கண் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்தபோது பாதி வார்த்தை வெளியே போயிருந்தது. கறாரின் விரல்கள் பிடித்திருந்தது இடது லீவரை.

அவர் வாய் சொன்னது சரி. கைதான் தப்பு. இருபது வருஷமாகக் கேப்டனாக இடது இருக்கையிலேயே உட்கார்ந்தவர் அவர். அங்கே உட்கார்ந்தால் லீவர்கள் வலது கைப்பக்கம் இருக்கும். கிட்ட இருப்பது இடது எஞ்சின், எட்டிப் பிடிக்க வேண்டியது வலது எஞ்சின். இன்றைக்கு அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். இங்கே எல்லாம் தலைகீழ். எட்டிப் பிடிக்க வேண்டியதை எட்டிப் பிடி என்றே இருபது வருஷம் பழகிய கை, தலையைக் கேட்காமல் தூரத்து லீவரைத் தேடிப் போய்விட்டது. கண்ணாடியைப் பார்த்து முடி வெட்டிக்கொள்பவர் கத்தரியை எதிர்ப்பக்கம் கொண்டுபோவாரே, அந்த மாதிரி. அங்கே போவது கொஞ்சம் முடி. இங்கே அந்த இடது எஞ்சின் ஒன்றுதான் நூற்றறுபது பேரைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அவள் அவர் விரல்களை மறுபடி பார்த்தாள். இவரா தப்பாகப் பிடிப்பார்? நானும் இன்றைக்குப் பக்கம் மாறித்தானே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத்தான் இடது வலது குழம்பிவிட்டதோ? இல்லை என்று சொல்லி, கடைசியில் அவர் பிடித்ததே சரியாக இருந்துவிட்டால்? முடிவெடுப்பதில் தயக்கம், இரண்டாவது தடவை, ஐந்து வருஷம். இத்தனையும் ஒரு நொடிக்குள் ஓடியது.

"உறுதின்னு சொல்லுங்க," என்றார் கறார். விரல்கள் லீவரை மேலே தூக்கத் தொடங்கிவிட்டன.

"இல்ல சார். கையை எடுங்க."

"என்ன?"

"உங்க கை இடது லீவர்ல இருக்கு. எடுங்க."

கறார் தன் கையைக் குனிந்து பார்த்தார். யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல விரல்களைப் பிரித்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார்.

"முதல்லேருந்து வருவோம்," என்றாள் அவள். "வலது எரிபொருள் லீவர். நிதானமா."

இந்த முறை அவர் கை போன பாதையை அவள் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கிட்டத்து லீவர். எழுதியிருந்த எழுத்தைப் படித்தாள். பிறகுதான் 'உறுதி' என்று முழுசாகச் சொன்னாள். அவர் இழுத்தார். நடுக்கம் அடங்கியது. கோப்பை தாளம் போடுவதை நிறுத்தியது. இடது எஞ்சின் ஒற்றை ஆளாக, ஒன்றும் நடக்காதது போல, முனகிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் எந்தச் சத்தத்தின் மீதும் அவளுக்கு இவ்வளவு பாசம் வந்ததில்லை.

ஒற்றை எஞ்சினில் அதே உயரத்தில் நிற்க முடியாது. தரைக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு மூன்று முறை 'மேடே' என்று ஆபத்து அழைப்புச் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தாள். இப்போது எங்கே போவது என்ற கேள்வி வந்தது. போய்ச்சேர வேண்டிய பெரிய நிலையம் இன்னும் ஐம்பது நிமிஷம். புறப்பட்ட இடம் அதைவிடத் தூரம். இடப்பக்கம், பதினெட்டு நிமிஷத்தில், ஒரு சின்ன நிலையம் இருந்தது. ஒரே ஒரு ரன்வே, ஆனால் நீளம் போதும். காற்றும் நல்ல காற்று.

"சின்னதுக்குப் போகலாம்னு நினைக்கிறேன். நீங்க ஏதாவது விட்டுப்போனதைப் பார்க்கிறீங்களா சார்?"

கறார் ஒரு கணம் யோசித்தார். "இல்ல. எதுவும் விட்டுப்போகல."

அதற்குள் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நான்கு சுவருக்குள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லா யோசனையும் சுலபமாகத்தான் வரும். 'முடிந்தால் பெரிய நிலையத்துக்கே செல்லவும். அங்கே நம் மெக்கானிக்குகள் உள்ளனர். பயணிகளுக்கு அடுத்த விமான ஏற்பாடும் எளிது.'

"பதில் அனுப்புங்க சார். முடியாதுன்னு."

கறார் அந்த ஒற்றை வார்த்தையைத் தட்டிவிட்டு விரலை நிறுத்தினார். "வருந்துகிறோம்னு சேர்க்கவா?"

"வேண்டாம்."

அனுப்பினார்.

சின்ன நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்குக் குரலே தொண்டைக்குள் நிற்கவில்லை. இவ்வளவு பெரிய விமானம் அவர் கண்ணுக்கு முன்னால் இறங்கியதே இல்லையாம். "வாங்க, வாங்க," என்றார், விருந்தாளியை வாசலில் வரவேற்பது போல. "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எங்ககிட்ட இருக்கிற படிக்கட்டு உங்க கதவுக்கு எட்டுமான்னு தெரியல. அளந்து பார்த்துச் சொல்லட்டுமா?"

"படிக்கட்டை அப்புறம் பார்த்துக்கலாம். ரன்வே காலியா இருக்கா?"

"காலிதான். எப்பவுமே காலிதான்," என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

அக்காவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அக்கா பதறவில்லை. இருபத்தைந்து வருஷம் ஆகாயத்தில் சாப்பாடு பரிமாறியவள், எதற்கும் லேசில் பதற மாட்டாள்.

"எவ்வளவு நேரம்மா இருக்கு?"

"பதினஞ்சு நிமிஷம் அக்கா. யாரையும் தலையைக் குனிஞ்சு உட்கார வைக்க வேண்டாம். வழக்கமான இறக்கம்தான், கொஞ்சம் வேகமா இருக்கும்."

"சரி. இங்க வலது பக்கம் ஒருத்தர் எஞ்சினைப் போட்டோ எடுத்துத் தள்ளறார். இன்னொருத்தர், அப்போ சாப்பாடு கிடையாதான்னு மூணு தடவை கேட்டுட்டார். அவருக்கு என்ன சொல்ல?"

"கீழ போய்ச் சாப்பிடலாம்னு சொல்லுங்க."

பிறகு அவளே பயணிகளிடம் பேசினாள். வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம், இந்த விமானம் ஒரு எஞ்சினில் பறக்கவும் இறங்கவும் செய்யப்பட்டது, அருகில் இருக்கும் நிலையத்தில் இறங்கப் போகிறோம், ரன்வே ஓரம் தீயணைப்பு வண்டி நின்றால் பயப்பட வேண்டாம், அது வழக்கம். இவ்வளவுதான் சொன்னாள். கடைசியில் தன்னை என்னவென்று சொல்வது என்று புரியாமல், "உங்கள் விமானி" என்று முடித்தாள்.

இறக்கம் பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது நன்றாகவே ஒரு குலுக்கு குலுக்கியது. பின்புறம் யாரோ 'அய்யோ' என்றது காக்பிட் வரை கேட்டது. ஆனால் வெள்ளைக் கோடு மூக்குக்கு நேராக, கடைசிவரை நேராகவே இருந்தது. ரன்வே முடிய இன்னும் நல்ல தூரம் இருக்கையிலேயே விமானம் நின்றது. ஒரே ஒரு தீயணைப்பு வண்டி மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தது. பயணிகள் கைதட்டினார்கள். தட்டி முடித்த கையோடு அடுத்த விமானம் எப்போது என்று கேட்டார்கள். படிக்கட்டு ஒரு சாண் குறைந்தது, அக்கா கதவருகே நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கடைசி ஆள் இறங்கிய பிறகு அவள் இடது கால் தானாக ஆட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறார் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலைய மேலாளர் தன் அறையையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பயணிகளுக்குத் தண்ணீர் தேட ஓடினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவு சரியாகச் சாத்தாத இரும்பு அலமாரி, கடகடவென்று சுற்றும் மின்விசிறி. கறார் ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தேர்வுப் படிவத்தை எடுத்தார். நோட்டைப் புரட்டவில்லை. 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார்.

"வாழ்த்துகள், கேப்டன்."

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அவள் வராந்தாவுக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டாள்.

"ஆச்சா?" என்றார் பல் டாக்டர். பின்னணியில் துளைக்கும் கருவியின் சத்தம்.

"ஒரு எஞ்சின் போயிருச்சுங்க. பத்திரமா இறங்கிட்டோம். எனக்கு ஒண்ணுமில்ல. அப்புறம்... கையெழுத்துப் போட்டுட்டார்."

கருவிச் சத்தம் நின்றது. பிறகு எந்த விஷயத்துக்கு முதலில் பதறுவது, எதற்கு முதலில் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கத்தினார். யாரோ வாய் நிறையப் பஞ்சோடு "அ.. அ.." என்று வாழ்த்தியதும் கேட்டது.

திரும்பி வந்தால் மேசையில் இன்னொரு படிவம் காத்திருந்தது. சம்பவ அறிக்கை. யாருக்கும் அடிபடவில்லை, விமானமும் உடையவில்லை, ஆகவே இது விபத்து அல்ல, சம்பவம். விபத்து என்றால்தான் காக்பிட்டில் பேசியதைப் பதிவு செய்யும் பெட்டியைத் திறந்து கேட்பார்கள். சம்பவத்துக்கு ஓட்டியவர் எழுதுவதே கணக்கு. சத்தம் வந்த நேரம், உயரம், அளவுகள் என்று மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். 'விமானிகளின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்கது.'

இடது லீவர் கடைசியில் இழுக்கப்படவே இல்லை. பார்த்தது இரண்டே பேர். 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதினால் அவள் கேப்டன். நடந்ததை எழுதினால், தேர்வாளரே தவறு செய்த தேர்வு செல்லாது என்று விதி இருக்கிறது. மறுபடி விசாரணை, மறுபடி தேர்வு. அதோடு முடியாது. தானும் பார்க்காமலே 'உறு' என்று பாதி சொன்னதை எழுத வேண்டும். அதைப் படிப்பவர்கள், அட, இவள் தடுத்தாளே என்றும் சொல்லலாம், இவளும் பார்க்கவில்லையே, இது இரண்டாவது தோல்வி என்றும் சொல்லலாம். அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த மனிதர் இன்னும் ஒரு அரை அங்குலம் கிட்டத்தில் பிடித்திருக்கக் கூடாதா?

கறார் எதிரில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கம்பெனியில் அவரைப் போலத் தேர்வாளர்கள் பதினான்கு பேர். எல்லோரும் வருஷக்கணக்காக இடது இருக்கைக்காரர்கள். தேர்வு நாளில் மட்டும் வலது பக்கம் மாறி உட்காருபவர்கள். அத்தனை கையும் தூரத்து லீவரைத்தான் தேடிப் போகும். பக்கத்தில், தேற வேண்டுமே என்ற பயத்தில், ஒரு நாக்கு 'உறுதி' என்று முழுசாகச் சொல்லிவிடும். அந்த நாக்கு தன்னுடையதாகவே இருந்திருக்கும், அரை நொடியில் தப்பியது.

எழுதினாள். தன் 'உறு'வையும் விடாமல் எழுதினாள். எழுதி முடித்து அவரிடம் நீட்டினாள்.

கறார் இரண்டு முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதியதை அடித்துவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரும் ஒரு சொல்லை அடித்தார்.

"தொட்டார்னு எழுதியிருக்கீங்க. நான் தொடல, பிடிச்சேன். தூக்கவும் ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்லி உங்களை அவசரப்படுத்தினதும் இதுல இல்ல." மேலே நுணுக்கி நுணுக்கி எழுதிச் சேர்த்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "விதி தெரியுமில்ல?"

"தெரியும் சார். நீங்க எழுதினதுதானே."

"நல்லாத்தான் எழுதித் தொலைச்சிருக்கேன்," என்று கையை நீட்டினார். அவள் தேர்ச்சிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் விட மறுத்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை. அவர் அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதலைன்னா நான் எழுதியிருப்பேனான்னு கேட்காதீங்க," என்றார், அவளைப் பார்க்காமல். "கையெழுத்துப் போடறப்போ எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தெரிஞ்சுதான் போட்டேன். முப்பது வருஷத்துல இப்படி ஒரு காரியம் செஞ்சதில்ல. வெட்கமா இருக்கு."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு மாசம் என்னைப் பறக்க விடாம உட்கார வச்சிடுவாங்க," என்றார் கறார். "அப்புறம் எனக்கும் ஒரு தேர்வு வைப்பாங்க. நான் ஓட்டறப்போ பக்கத்துல உட்கார்ந்து, என் கையைப் பார்க்க ஒரு ஆள் வேணும்னு கேப்பாங்க. உங்களைச் சொல்லட்டுமா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

கறார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நோட்டை மூடித் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, அவள் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.